ஸ்டாஷ் க்ளியர் அடித்த பிறகு: கமிட் ஆகாத மாற்றங்களும் ஒரு மெர்ஜ் கான்ஃப்ளிக்டும் – நிகழ்வு ஆய்வு

கோடின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவியான கிட்டில், ஒருமுறை கமிட் ஆகிவிட்ட, அதாவது அந்த வரலாற்றில் பதிந்துவிட்ட வேலையைத் தொலைப்பது கடினம். கமிட் ஆகாத வேலையைத் தொலைக்க ஒரு வரி போதும். புல் (சர்வரிலிருந்து மற்றவர் மாற்றங்களை இழுத்துச் சேர்ப்பது), ஸ்டாஷ் (அரைகுறை வேலையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைப்பது), க்ளீன் (கிட் பின்தொடராத கோப்புகளை அழிப்பது), மெர்ஜ் (தனித்தனியே வளர்ந்த இரண்டு கிளைகளின் மாற்றங்களை இணைப்பது) என்று அன்றாடம் ஓட்டும் கட்டளைகளில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு இந்த ஒரு வேறுபாடே விடை சொல்லிவிடும். அதை ஒரு நிகழ்வின் வழியாகப் பார்க்கிறது இந்த ஆய்வு.

களம் பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் பெல்லந்தூர் பக்கம் இயங்கும் ஒரு பில்லிங் மென்பொருள் குழு. பல குழுக்களில் திரும்பத் திரும்ப நேரும் தவறுகளை இங்கே ஒரே நிகழ்வாகக் கோத்திருக்கிறோம். அதனால் ஆளுக்கும் நிறுவனத்துக்கும் பெயர் வைக்கவில்லை. கிட் நடந்துகொள்ளும் விதத்தில் மட்டும் கற்பனை எதுவும் கலக்கவில்லை. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம்.

பின்னணி

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் புதிய ஜிஎஸ்டி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. நெய், வெண்ணெய், சீஸ் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய் 18-லிருந்து 5-க்கு வந்தன. பில்லிங் மென்பொருள் வைத்திருந்த எல்லோருக்கும் கெடு ஞாயிறு நள்ளிரவு.

அதற்கு முந்தைய வெள்ளி, 19-ஆம் தேதி. ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. குழுவின் தமிழ்ப் பையன்கள் பாதிப்பேருக்கு அன்றிரவு மடிவாளாவிலிருந்து ஊருக்குப் பேருந்து. அவர்களில் ஒரு ஜூனியர் டெவலப்பரிடம் இருந்த வேலை, புதிய விகிதங்களைப் பில்லிங்கில் ஏற்றுவதும், பழைய பில் மீதான கிரெடிட் நோட்டு (பொருள் திரும்பி வந்தால் தரும் வரவுச் சீட்டு) பழைய விகிதத்திலேயே போகும்படி பார்த்துக்கொள்வதும். இன்னொரு டெவலப்பர் அதே வாரம் விகிதங்களைக் கோடிலிருந்து பிரித்து, தேதியை வைத்துத் தேடும் ஒரு சிஎஸ்வி கோப்புக்கு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) மாற்றிக்கொண்டிருந்தார். அவருடைய வேலை வெள்ளி மதியமே குழுவின் பொதுக் கிளையான மெயினில் சேர்ந்துவிட்டது.

மாலை ஐந்தரைக்கு ஜூனியரின் லேப்டாப்பில் இருந்தவை: மாற்றப்பட்ட நான்கு கோப்புகள் (வரிக் கணக்கு, பில் அச்சு டெம்ப்ளேட், கிரெடிட் நோட்டு, ஒரு கான்ஃபிக்), புதிதாக உருவாக்கிய இரண்டு கோப்புகள் (ஒரு டெஸ்ட், ஒரு விகிதப் பட்டியல் சிஎஸ்வி). காலையிலிருந்து ஒரு கமிட்கூடப் போடவில்லை.

என்ன நடந்தது

முதலில் ஓட்டியது கிட் புல் ஆரிஜின் மெயின் (ஆரிஜின் என்பது சர்வரில் உள்ள பிரதி). உள்ளூர் மாற்றங்கள் மெர்ஜில் மேலெழுதப்படும், கமிட் செய்யுங்கள் அல்லது ஸ்டாஷ் செய்யுங்கள் என்று கிட் மறுத்தது. இந்த மறுப்பு வந்தது நல்லதுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாற்றம் இருந்தாலே கிட் தடுக்கும் என்பதில்லை. மெர்ஜ் தொடப்போகிற கோப்புகளில் மாற்றம் இருந்தால்தான் தடுக்கும். மற்ற நேரங்களில் அரைகுறை மாற்றங்கள் கிடக்கும்போதே மெர்ஜ் நடந்துவிடும். “நேத்து புல் பண்ணப்போ ஒண்ணும் சொல்லலையே” என்ற குழப்பம் அங்கிருந்து வருவது.

கமிட், ஸ்டாஷ் இரண்டில் ஜூனியர் தேர்ந்தெடுத்தது வெறும் கிட் ஸ்டாஷ். அது கிட் ஏற்கெனவே பின்தொடரும் கோப்புகளை மட்டும்தான் எடுத்துவைக்கும். நான்கு கோப்புகள் உள்ளே போயின. புதிய இரண்டும் அப்படியே டைரக்டரியில் கிடந்தன. புதியவையும் சேர வேண்டுமானால் கிட் ஸ்டாஷ் புஷ் -யூ என்று கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது புல்லும் மறுக்கப்பட்டது. இம்முறை காரணம் வேறு: பின்தொடராத கோப்பு ஒன்று மேலெழுதப்படும், அதை நகர்த்துங்கள் அல்லது நீக்குங்கள். டிக்கெட்டில் சிஎஸ்விக்கு ஒரு பெயர் எழுதியிருந்ததால் இருவரும் அதே பெயரில், அதே ஃபோல்டரில் கோப்பு வைத்திருந்தார்கள். கிட் சொன்ன இரண்டு வழிகளில் நகர்த்துவதை விட்டுவிட்டு நீக்குவதை எடுத்தார் ஜூனியர். ஓட்டியது கிட் க்ளீன் -எஃப்டி. மோதிய சிஎஸ்வியோடு, எதோடும் மோதாத டெஸ்ட் கோப்பும் போனது. கிட் க்ளீன் எதையும் குப்பைத்தொட்டிக்கு அனுப்புவதில்லை. கிட்டுக்குள்ளும் அந்தக் கோப்புகளின் பிரதி இல்லை. இந்த நிகழ்வில் உண்மையாகவே திரும்பி வராத இழப்பு இந்த ஒரு வரியில்தான் நடந்தது. ஆனால் அன்று யாருக்கும் அது தெரியவில்லை. அடுத்து ஓடிய புல், மெயினிலிருந்து அதே பெயருள்ள சிஎஸ்வியைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. பெயர் அதே, இடமும் அதே, உள்ளே இருந்தது சக ஊழியரின் பட்டியல். அதில் செப்டம்பர் 22-க்கு முந்தைய பழைய விகிதங்கள் மட்டுமே இருந்தன. புதியவற்றைச் சேர்ப்பது ஜூனியரின் வேலை என்று விட்டிருந்தார்.

பிறகு கிட் ஸ்டாஷ் பாப், ஒதுக்கிவைத்ததைத் திரும்ப விரித்து ஸ்டாஷை நீக்கும் கட்டளை. வரிக் கணக்குக் கோப்பிலும் டெம்ப்ளேட்டிலும் கான்ஃப்ளிக்ட்: ஒரே இடத்தை இருவரும் வேறுவேறாக மாற்றியிருந்ததால் கிட்டால் தானே இணைக்க முடியவில்லை. விஎஸ் கோட் எடிட்டர் ஒவ்வொரு மோதலுக்கும் மேலே அக்செப்ட் கரண்ட், அக்செப்ட் இன்கமிங் என்று பொத்தான்களைக் காட்டியது. ‘கரண்ட்’ என்றால் தான் இப்போது செய்தது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. ஸ்டாஷ் பாப்பில் நிலைமை நேர்மாறு. கரண்ட் என்பது இப்போது கிளையில் இருப்பது, அதாவது புல் கொண்டுவந்தது. நம்முடையது ஸ்டாஷிலிருந்து வந்து சேர்கிறது, ஆகவே அது இன்கமிங். மோதலைச் சுற்றிக் கோப்புக்குள் கிட் எழுதும் அடையாள வரிகளான மார்க்கர்களிலும் மேல்பக்கம் ‘அப்டேட்டட் அப்ஸ்ட்ரீம்’, கீழ்ப்பக்கம் ‘ஸ்டாஷ்டு சேஞ்சஸ்’ என்று தெளிவாகவே எழுதியிருக்கும். வரிக் கணக்குக் கோப்பு முழுவதற்கும் கரண்ட் தேர்வானது. ஜூனியரின் கணக்கு அதோடு அந்தக் கோப்பிலிருந்து அழிந்தது.

டெம்ப்ளேட்டில் இரண்டு மோதல்கள். ஒன்று மட்டும் சரிசெய்யப்பட்டது. கிட் ஆட் புள்ளி (மாற்றங்களைக் கமிட்டுக்குத் தயார்செய்வது), கிட் கமிட், கிட் புஷ் (சர்வருக்கு அனுப்புவது). கிட் ஆட் கொடுத்தவுடனே கோப்பின் மோதல் தீர்ந்ததாகக் கிட் குறித்துக்கொள்ளும்; உள்ளே மார்க்கர் மிச்சமிருக்கிறதா என்று தானாகப் பார்க்காது. கமிட் -ஏ கொடுத்தாலும் இதே கதிதான்.

கடைசியாக ஒன்று. கான்ஃப்ளிக்ட் வந்தால் பாப் அந்த ஸ்டாஷை நீக்காது. பட்டியலிலேயே வைத்திருக்கும், திரையிலும் அப்படியே சொல்லும். ஜூனியருக்கு மீதமிருந்த ஒரே பாதுகாப்பு அது. பட்டியலில் பழைய ஸ்டாஷ்களும் சேர்ந்து நீளமாகத் தெரிந்ததால், கிளம்புவதற்கு முன் சுத்தப்படுத்துவோம் என்று கிட் ஸ்டாஷ் க்ளியர் ஓடியது.

சிஐ, அதாவது புஷ் ஆனதும் டெஸ்டுகளைத் தானே ஓட்டும் அமைப்பு, பச்சை காட்டியது. புதிய விகிதத்தைச் சோதிக்கும் டெஸ்ட் கோப்பே ரெப்போவில் (கோப்புகளும் வரலாறும் இருக்கும் கிடங்கு) இல்லாதபோது சிவப்பு காட்ட அங்கே எதுவும் இல்லை. டெம்ப்ளேட் கம்பைல் ஆகும் கோப்பு அல்ல என்பதால் மார்க்கர்களும் பிடிபடவில்லை. ரிவ்யூ செய்தவர் பார்த்தது டிஃபில், அதாவது மாறிய வரிகளின் பட்டியலில், இருந்ததை. டிஃபில் இல்லாமல் போனதைப் பார்க்க அவருக்கு வழியில்லை.

சனிக்கிழமை காலை சோதனைக் குழு, சர்வர் தேதியை 22-க்கு நகர்த்தி ஒரு பில் அடித்தது. நெய்க்கு 12 சதவீதம். மொத்தத் தொகைக்கு மேலே ஏழு சமக்குறிகள் கொண்ட ஒரு வரி அச்சாகியிருந்தது.

மீட்பு

மீட்பை நடத்தியது குழுவின் மூத்த டெவலப்பர். முதல் ஃபோன் பேச்சு சுருக்கமாகவே முடிந்தது.

“அக்கா, ஸ்டாஷையும் க்ளியர் பண்ணிட்டேன். எல்லாம் போச்சுன்னு நினைக்கிறேன்.”

“போகலப்பா, பதறாத. லேப்டாப் கூடத்தானே இருக்கு? அதுல இனிமே ஒண்ணும் ஓட்டாத. முக்கியமா ஜிசி ஓட்டிடாத. ஸ்க்ரீன் ஷேர் போடு.”

லேப்டாப் எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஸ்டாஷ் சர்வருக்குப் போவதில்லை. நீக்கப்பட்ட ஸ்டாஷின் மிச்சம் எந்த கம்ப்யூட்டரில் அது உருவானதோ அதில் மட்டுமே இருக்கும். வேறு மெஷினில் புதிதாக க்ளோன் (சர்வரிலிருந்து முழுப் பிரதி) எடுத்துத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பழைய ஃபோல்டரை அழித்துவிட்டு க்ளோன் எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குழப்பம் வந்ததும் ஃபோல்டரை அழித்துப் புதிதாக க்ளோன் எடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கமிட் ஆகாத வேலை ஏதாவது பாக்கியிருக்கும்போது செய்யக்கூடாத முதல் காரியம் அது.

அடுத்து, கிட் தன் பதிவுகளை வைத்திருக்கும், கண்ணுக்கு மறைந்திருக்கும் டாட்கிட் ஃபோல்டரோடு சேர்த்து ரெப்போ முழுவதையும் வேறிடத்துக்குக் காப்பி எடுத்தார்கள். மீட்பு முயற்சியே புதிய சேதம் செய்யக்கூடும் என்பதால் இதைத் தவிர்க்கக்கூடாது. காப்பியில் ஜிசி என்னும் தானியங்கிச் சுத்திகரிப்பும் நிறுத்தப்பட்டது: கிட் கான்ஃபிக் ஜிசி.ஆட்டோ 0. எந்தக் கிளையும் சுட்டாத ஆப்ஜெக்டுகளை (கிட் உள்ளே சேமித்த பதிவுகளை) ஜிசி இரண்டு வாரம் வரை விட்டுவைப்பதுதான் வழக்கமான அமைப்பு, ஆகவே ஒரே இரவில் போயிருக்க வாய்ப்பில்லை. ப்ரூன்=நவ் என்று கொடுத்து யாராவது ஜிசி ஓட்டினால் அந்த இரண்டு வாரமும் கிடையாது.

ஸ்டாஷ் என்பது உள்ளுக்குள் ஒரு கமிட். அதற்குக் குறைந்தது இரண்டு பெற்றோர், அதாவது முந்தைய கமிட்டுகள்: ஸ்டாஷ் செய்தபோது இருந்த ஹெட் (கிளையின் கடைசி கமிட்), அப்போதைய இன்டெக்ஸின் (அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைத்தவற்றின்) நிலை. -யூ கொடுத்திருந்தால் புதிய கோப்புகளைச் சுமக்கும் மூன்றாவது பெற்றோரும் இருக்கும். க்ளியர் செய்தால் போவது அந்தக் கமிட்டுக்கான பெயர் மட்டுமே. ஸ்டாஷ் ட்ராப் கொடுத்திருந்தால் அந்தக் கமிட்டின் ஹேஷை (அடையாள எண்ணை) டெர்மினலில் அச்சிட்டிருக்கும், மேலே உருட்டிப் பார்த்து எடுத்திருக்கலாம். க்ளியர் ஹேஷ் எதையும் சொல்வதில்லை. ஆகவே எதுவும் சுட்டாத பதிவுகளைப் பட்டியலிடும் கிட் எஃப்எஸ்சிகே --அன்ரீச்சபிள் ஓட்டி, வந்த வரிகளில் கமிட்டுகளை மட்டும் பொறுக்கி, அவற்றைக் கமிட் வரலாற்றைக் காட்டும் கிட் லாகுக்கு --நோ-வாக் --மெர்ஜஸ் --க்ரெப்=டபிள்யூஐபி என்று கொடுத்தார்கள். இந்த வழி கிட் ஸ்டாஷின் கையேட்டிலேயே இருக்கிறது. பெற்றோர் இரண்டு என்பதால் ஸ்டாஷ் மெர்ஜ் கமிட்டாகத் தெரியும். தானாக வைக்கப்படும் தலைப்பு ‘டபிள்யூஐபி ஆன்’ என்று தொடங்கும்; டபிள்யூஐபி என்றால் முடியாத வேலை. ஜூனியர் தானே ஒரு செய்தி கொடுத்து ஸ்டாஷ் செய்திருந்தால் அந்தச் சொல்லைத் தேடியிருக்க வேண்டும். மூன்று கமிட்டுகள் வந்தன. வெள்ளி மாலை நேரத்தோடு இருந்தது ஒன்று.

கிடைத்தவுடன் அதன் மேல் ஒரு கிளை வைத்தார்கள்: கிட் பிராஞ்ச் மீட்பு, பக்கத்தில் அந்த ஹேஷ். பெயர் வந்துவிட்டால் ஜிசி அதைத் தொடாது.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஸ்டாஷை நேராக இப்போதைய கிளை மேல் அப்ளை செய்தால் வெள்ளிக்கிழமை கான்ஃப்ளிக்டே மறுபடி வரும், அதுவும் பின்வாங்க வழியில்லாத வடிவில். ஸ்டாஷ் பாப்புக்கு --அபார்ட் கிடையாது. அதனால் மூத்தவர் கிட் ஸ்டாஷ் பிராஞ்ச் என்ற கட்டளைக்குப் போனார். ஸ்டாஷ் எந்தக் கமிட்டின் மேல் உருவானதோ அங்கிருந்தே அது ஒரு புதுக் கிளை வெட்டி, அதன்மேல் ஸ்டாஷை விரிக்கும். அடித்தளம் அதே என்பதால் கான்ஃப்ளிக்ட் வராது. விரித்ததும் ஒரு கமிட். காலையிலிருந்து மாலைவரை செய்த நான்கு கோப்பு வேலையும் அந்த நொடியில் கிட்டின் பாதுகாப்புக்குள் வந்தது.

புதிய கோப்புகளுக்கு வேறு வழி தேடவேண்டியிருந்தது. விஎஸ் கோட் 1.66 பதிப்பிலிருந்து, அதாவது 2022 மார்ச் முதல், சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பிரதியை லோக்கல் ஹிஸ்டரியில் தனியாக வைக்கிறது; கோப்புக்கு 50 பிரதிகள் வரை. கோப்பே அழிந்திருந்தாலும் கமாண்ட் பேலட்டில் ‘லோக்கல் ஹிஸ்டரி: ஃபைண்ட் என்ட்ரி டு ரீஸ்டோர்’ என்று கொடுத்துப் பெயரைத் தேடலாம். டெஸ்ட் கோப்பு அப்படியே கிடைத்தது. ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களிலும் லோக்கல் ஹிஸ்டரி உண்டு. வழக்கமான அமைப்பில் ஐந்து வேலைநாள் வரை வைத்திருக்கும்.

சிஎஸ்வி கிடைக்கவில்லை. எக்செலில் தயாரித்து நேராக ஃபோல்டரில் வைத்த கோப்பு அது. எடிட்டர் அதைச் சேமித்ததே இல்லை. ஒரே ஒருமுறை கிட் ஆட் கொடுத்திருந்தால்கூடப் போதும், கமிட் வேண்டியதில்லை: ஆட் செய்த கணமே உள்ளடக்கம் டாட்கிட்டுக்குள் பதிந்துவிடும், வெறும் ஸ்டாஷும் அந்தக் கோப்பை மற்ற நான்கோடு சேர்த்தே எடுத்துவைத்திருக்கும். ஆட் செய்த கோப்பைக் கிட் க்ளீன் தொட்டிருக்கவும் செய்யாது.

ஆகவே பட்டியலை 2025 செப்டம்பர் 17 தேதியிட்ட 9/2025 மத்திய வரி (விகிதம்) அறிவிக்கையை வைத்து மறுபடி தட்டினார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்தார். அந்த அறிவிக்கையில் இருப்பது மத்திய ஜிஎஸ்டி மட்டும், அதாவது மொத்த விகிதத்தில் பாதி: 5 சதவீதப் பொருள்கள் 2.5 என்ற அட்டவணையிலும், 18 சதவீதப் பொருள்கள் 9 என்ற அட்டவணையிலும் இருக்கும். சிஎஸ்வியின் விகிதப் பத்தி மொத்த விகிதத்தைக் கேட்கிறதா, பாதியையா என்று முதல் வரியைத் தட்டும் முன்பே முடிவு செய்துகொண்டார்கள்.

மெர்ஜ், இரண்டாம் முறை

இப்போது மெர்ஜ். கிட் ஃபெட்ச் (சர்வரில் வந்தவற்றை இணைக்காமல் இறக்கிக்கொள்வது) முடித்து, மெயினில் என்ன புதிதாக வந்திருக்கிறது என்று கிட் லாக் ஹெட்..ஆரிஜின்/மெயின் வழியாகப் பார்த்துவிட்டு மெர்ஜ் தொடங்கியது. தொடங்கும்போது கிட் ஸ்டேட்டஸ் சுத்தம். சுத்தமான நிலையில் தொடங்கினால் கிட் மெர்ஜ் --அபார்ட் நம்பகமானது. எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பலாம். கமிட் ஆகாத மாற்றங்களோடு மெர்ஜைத் தொடங்கியிருந்தால், அவற்றை அபார்ட் மீட்டுத்தர முடியாமல் போகலாம் என்று கையேடே எச்சரிக்கிறது.

மெர்ஜுக்கு முன் ஒரு கான்ஃபிக் மாற்றமும் செய்தார்கள்: மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் என்பதை இசட்டிஃப்3 ஆக்கினார்கள். 2022 ஜனவரியில் வந்த கிட் 2.35-லிருந்து இது உண்டு. அதற்கும் பழைய கிட் என்றால் டிஃப்3. வழக்கமான கான்ஃப்ளிக்டில் இரண்டு பக்கங்கள் மட்டும் தெரியும். இதில் நடுவே மூன்றாவதாக, இருவரும் மாற்றுவதற்கு முன் அந்த வரி எப்படி இருந்தது என்பதும் வரும். வரிக் கணக்குக் கோப்பில் மோதல் தெரிந்த விதம் இது:

<<<<<<< ஹெட்
விகிதம் = பட்டியல்_தேதிப்படி(பொருள், பில்.மூலத்தேதி)
|||||||
விகிதம் = பட்டியல்[பொருள்]
=======
விகிதம் = விகிதம்_தேடு(பொருள், இன்று)
>>>>>>> மெயின்

கவனியுங்கள்: மெர்ஜில் ஜூனியரின் வரி மேலே இருக்கிறது, ஸ்டாஷ் பாப்பில் அவருடையது கீழே இருந்தது. ரீபேஸிலும் கீழேதான் வரும், ஏனென்றால் ரீபேஸ் நம் கமிட்டுகளை ஒவ்வொன்றாக மற்றவர் கிளை மேல் வைக்கிறது; அங்கே ‘அவர்ஸ்’ என்பது மெயின், ‘தெயர்ஸ்’ என்பது நாம். மேலே கீழே, கரண்ட் இன்கமிங் என்று மனப்பாடம் செய்து வைப்பதில் பயனில்லை. மார்க்கருக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படிப்பதுதான் வழி.

நடுவரியோடு ஒப்பிட்டால் ஒவ்வொருவரும் என்ன செய்ய நினைத்தார்கள் என்பது தெரிகிறது. மெயின் பக்கம் செய்தது ஒன்று: பட்டியலைக் கோடிலிருந்து எடுத்து, தேதியை வைத்துத் தேடும் முறைக்கு மாற்றியது. ஜூனியர் செய்தது இன்னொன்று: எந்தத் தேதி என்பதை, கிரெடிட் நோட்டாக இருந்தால் மூலப் பில்லின் தேதி என்று திருத்தியது. மெயின் பக்கத்தை மட்டும் எடுத்தால், ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற நெய்யைச் செப்டம்பர் 25-இல் திருப்பி எடுக்கும்போது கிரெடிட் நோட்டு 5 சதவீதத்தில் போகும். ஜூனியர் பக்கத்தை மட்டும் எடுத்தால், மெயினில் இப்போது இல்லாத ஒரு பட்டியலைக் கோடு தேடும். சரியான வரி இரண்டிலும் இல்லை:

விகிதம் = விகிதம்_தேடு(பொருள், பில்.மூலத்தேதி)

ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்களால் இந்த வரியை ஒருபோதும் எழுத முடியாது. லாக் கோப்பு (பேக்கேஜ் பதிப்புகளைப் பூட்டிவைக்கும் கோப்பு), தானாக உருவாகும் கோப்பு, ஒரு பக்கம் வேண்டாமென்று இருவரும் பேசி முடிவான இடம் ஆகியவற்றுக்கு மட்டும் அந்தப் பொத்தான்கள் சரி. மற்ற எல்லா இடத்திலும் கையால் எழுத வேண்டும். எதிர்ப்பக்க வரியை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும். இங்கே கேட்டார்கள். ‘இன்று’ என்று போட்டது தற்காலிகம்தான், கிரெடிட் நோட்டு ஞாபகத்திலேயே இல்லை என்று சொன்னார் அந்த டெவலப்பர்.

சந்தேகம் வந்த இடங்களில் மூன்று வடிவங்களையும் தனித்தனியே பார்த்தார்கள். மோதல் தீராத கோப்பு ஒவ்வொன்றுக்கும் இன்டெக்ஸில் மூன்று பிரதிகள் இருக்கும்: 1 பொது மூலம், 2 நம்முடையது, 3 மற்றவருடையது. கிட் ஷோ கொடுத்து :2: என்று எண்ணையும் அதன்பின் கோப்பின் பாதையையும் தந்தால் அந்தப் பிரதி முழுதாக வரும். தீர்வே குழம்பிவிட்டால் கிட் செக்கவுட் --கான்ஃப்ளிக்ட்=இசட்டிஃப்3 என்று அந்தக் கோப்புக்கு மட்டும் கொடுக்கலாம்; மார்க்கர்களோடு புதிதாக வரும், அந்தக் கோப்பில் அதுவரை செய்த தீர்வு போய்விடும்.

கான்ஃப்ளிக்ட் காட்டாத கோப்பில்தான் அன்று மிச்சமிருந்த பிழை ஒளிந்திருந்தது. கிரெடிட் நோட்டுக் கோப்பை மெயின் பக்கம் தொடவே இல்லை, ஆகவே அது சத்தமில்லாமல் மெர்ஜ் ஆனது. ஆனால் அதில் ஜூனியர் எழுதியிருந்த ஒரு வரி பழைய பட்டியலை நேராக அழைத்தது, அந்தப் பட்டியலை மெயின் வேறு கோப்பிலிருந்து நீக்கியிருந்தது. கிட் கோடின் வரிகளை ஒப்பிடுகிறது. அந்த வரிகளின் அர்த்தம் அதற்குத் தெரியாது. மீட்டெடுத்த டெஸ்ட் ஓடியபோது இந்த இடம்தான் முதலில் சிவப்பானது. மெர்ஜ் சுத்தமாக முடிந்தாலும் டெஸ்டை ஓட்டிய பிறகே புஷ் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

கமிட்டுக்கு முன் கிட் டிஃப் --செக். மார்க்கர் எங்காவது மிச்சமிருந்தால் கோப்பும் வரி எண்ணுமாகச் சொல்லும், வரிக்கடைசியில் தேவையற்ற இடைவெளி இருந்தாலும் சொல்லும். ஆட் செய்துவிட்ட கோப்புகளைப் பார்க்க --கேஷ்டு சேர்க்க வேண்டும்.

புஷ் செய்யும்போது

கெட்டுப்போன கமிட் ஏற்கெனவே சர்வரில் இருந்தது, நல்லவேளை ஜூனியரின் கிளையில் மட்டும். அதன்மேல் புதிய வரலாற்றை வைக்க --ஃபோர்ஸ்-வித்-லீஸ் போதும் என்று ஒரு யோசனை வந்தது. சர்வரில் இருக்கும் கிளை நாம் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே இருந்தால் மட்டும் அது மேலெழுதும். எதையும் பார்க்காமல் மேலெழுதும் வெறும் --ஃபோர்ஸை விட நூறு மடங்கு மேல். ஆனால் எடிட்டர் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டிருந்தால், நாம் கண்ணால் பார்க்காததையும் பார்த்ததாகக் கிட் எடுத்துக்கொள்ளும். கிட் 2.30-இல் வந்த --ஃபோர்ஸ்-இஃப்-இன்க்ளூட்ஸ் அந்த ஓட்டையை அடைக்கிறது. குழு இரண்டையும் விட்டு, புதிய பெயரில் கிளையைப் புஷ் செய்து பழைய புல் ரிக்வெஸ்டை (மெயினில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையை) மூடியது. அவசர நேரத்தில் அதுவே சரியான முடிவு. பழைய கிளை அப்படியே இருக்கும்போது வெள்ளியன்று என்ன போனது, இப்போது என்ன வந்தது என்று இரண்டையும் டிஃப் செய்து காட்ட முடிந்தது.

மெயினில் சேர்ந்திருந்தால் வழி வேறு. மெர்ஜ் கமிட்டை கிட் ரிவர்ட் -எம் 1 கொண்டு திருப்ப வேண்டும். பிறகு திருத்திய அதே கிளையை மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய கமிட்டுகளின் மாற்றம் வராது. அவை ஏற்கெனவே வரலாற்றில் சேர்ந்தவை என்று கிட் கருதும். முதலில் அந்த ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும்.

குழு மாற்றிக்கொண்ட நடைமுறை

புல், மெர்ஜ், ரீபேஸ், கிளை மாற்றம் எதற்கும் முன்னால் கமிட். செய்தி ‘டபிள்யூஐபி’ என்று இருந்தாலும் போதும், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, தன் கிளையில் கமிட். கிட் ஆட் -ஏ, கிட் கமிட் – அவ்வளவுதான். பிறகு கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~1 கொடுத்து அதைக் கலைத்து ஒழுங்காகக் கமிட் செய்துகொள்ளலாம். தவறுதலாக ரீசெட் --ஹார்ட் அடித்தாலும் ரீஃப்லாகில் (ஹெட் போய்வந்த இடங்களின் குறிப்பேட்டில்) அந்தக் கமிட் இருக்கும். எந்தக் கிளையும் சுட்டாத கமிட்டுக்கும் ரீஃப்லாக் வழக்கமாக 30 நாள் தருகிறது. ஸ்டாஷ் ஐந்து நிமிட வேலைக்கு மட்டும், அதுவும் -யூ சேர்த்து, -எம் கொடுத்து ஒரு செய்தியோடு. பாப் வேண்டாம்; அப்ளை செய்து, சரிபார்த்து, கமிட் போட்ட பிறகு ட்ராப். க்ளியர் யாருக்கும் தேவையில்லை.

கிட் க்ளீனுக்கு முன் கட்டாயம் -என். எதெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் காட்டும், அழிக்காது. ஒரு கோப்பு மட்டும் தடுக்கிறதென்றால் அந்த ஒன்றை எம்வி கொண்டு வேறிடத்துக்கு நகர்த்தினால் போதும், க்ளீன் வேண்டியதே இல்லை.

நடுவில் வேறு கிளையில் அவசர வேலை வந்தால் கிட் வொர்க்ட்ரீ ஆட். கிட் 2.5-லிருந்து இருக்கும் வசதி இது. அதே ரெப்போவின் இன்னொரு கிளையைப் பக்கத்து ஃபோல்டரில் திறந்துகொடுக்கும். கையிலிருக்கும் அரைகுறை வேலையைத் தொட வேண்டியதில்லை.

கமிட்டுக்கு முந்தைய ஹூக்கில் (கமிட் ஆகும்முன் தானே ஓடும் ஸ்கிரிப்டில்) கிட் டிஃப் --கேஷ்டு --செக் சேர்ந்தது. ஹூக்கை --நோ-வெரிஃபை கொடுத்துத் தாண்டிவிட முடியும் என்பதால் சிஐயிலும் மார்க்கரைத் தேடும் ஒரு படி வைத்தார்கள். தேடலை ஏழு ‘குறைவு’ குறிகளும் ஏழு ‘அதிகம்’ குறிகளும் வரித் தொடக்கத்தில் வருகின்றனவா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஏழு சமக்குறி சில ஆவணக் கோப்புகளில் தலைப்புக்கு அடிக்கோடாகவே வரும்.

சிஎஸ்விகளுக்கு டாட்கிட்ஆட்ரிபியூட்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் வரி முடிவுக் குறி எல்எஃப் என்று நிர்ணயமானது. விண்டோஸ் எக்செலில் சேமித்த சிஎஸ்வி சிஆர்எல்எஃப் என்ற வேறு வரி முடிவுக் குறியோடு வந்து, ஒரு விகிதம் மாறியதற்குக் கோப்பு முழுவதும் கான்ஃப்ளிக்ட் காட்டும் தொல்லை அதோடு நின்றது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை நிறுவும் என்பிஎம் கருவியின் லாக் கோப்பில் மோதல் வந்தால் கையால் பிரிப்பதில்லை: முதலில் பேக்கேஜ்.ஜேசனின் மோதலைத் தீர்த்து, பிறகு என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டினால் லாக் கோப்பை அதுவே சரிசெய்துகொள்ளும்.

நாள்கணக்கில் நீளும் கிளைகளுக்கு ரீரீரீ.எனேபிள்டு போட்டிருக்கிறார்கள். ஒருமுறை தீர்த்த மோதலைக் கிட் நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வந்தால் அதே தீர்வைத் தானே போடும். தவறான தீர்வையும் அதே போல நினைவில் வைக்கும் என்பதால், அப்படிப் பிழை நேர்ந்தால் கிட் ரீரீரீ ஃபர்கெட் கொடுத்து அந்தக் கோப்பின் பதிவை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தீர்க்க வேண்டும்.